பின்கதவு இல்லாத கார்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் கைபேசியில் ஒரு காரின் படத்தைக் காட்டினான். சிவப்பு நிறம். பதுங்கியிருக்கும் பூனை மாதிரி தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. "இதுக்குப் பேரு 'கூப்பே'ப்பா" என்றான். விலையையும் சொன்னான். குடித்துக்கொண்டிருந்த டீ எனக்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"ரெண்டு கதவுதான இருக்கு? அதுக்கா இவ்வளவு?"

"கதவு கொறையக் கொறைய வெல கூடும்ப்பா. அது ஒனக்குப் புரியாது."

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மாவு மில் வைத்திருக்கிறாள். ஞாயிறு மத்தியானம் மில்லைச் சாத்திவிட்டு எங்களைப் பார்க்க வருவாள். அன்றும் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. கைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பின்னால கதவு கெடையாதா?"

"கெடையாது அத்தை."

"அப்ப நல்ல காருதான்" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போய்விட்டாள்.

மகன் என்னைப் பார்த்தான். "நம்ம வீட்டுலயும் இது மாதிரி ஒண்ணு இருந்துச்சுடா. டீசல் வண்டி" என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நம்ம செட்டிகுளத்துல கூப்பேயா? அதும் டீசல்லயா? ஏம்ப்பா நீ வேற."

எனக்கு வாயால் ஒன்றைக் கோவையாகச் சொல்ல வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் பாதி மறந்துவிடும், மீதி தொண்டையில் நின்றுவிடும். படித்ததும் அஞ்சாவது வரைதான். ஆனால் ஆள் முன்னால் இல்லையென்றால் எழுதிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வருஷம் வைகாசியில் அக்காவைக் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். எங்களைவிட வசதியான இடம். நெல் விளையும் பூமி. நாங்கள் மானாவாரியும் கொஞ்சம் கிணற்றுப் பாசனமுமாகச் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள். கல்யாணப் பந்தலிலேயே அவர்கள் பக்கம் யாரோ, "பொண்ணு வெங்காயம் உரிச்ச கையா, கண்ணு எரியப்போவுது மாப்ளைக்கு" என்று கேலி பேசினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பா யாரையும் எதிர்த்துப் பேசியோ குரலை உயர்த்தியோ நான் பார்த்ததில்லை. மாட்டைக்கூட "வாப்பா, போப்பா" என்றுதான் ஓட்டுவார். என் கூச்சம் அவரிடமிருந்து வந்ததுதான்.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்க வேண்டும். அப்பா சீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனார். தனியாகத் திரும்பி வந்தார். "வூட்டுல வேலை கெடக்குதாம். தீபாவளிக்கு அனுப்பறேன்னுட்டாங்க" என்றார். தலைத் தீபாவளிக்குப் போனார். அப்போதும் தனியாகத்தான் வந்தார். அக்காவுக்கென்று அம்மா சுட்டுக் கொடுத்த அதிரசத்தில் பாதி அதே தூக்கில் திரும்பி வந்தது. எனக்கு அதிரசம் கிடைத்த சந்தோஷம்.

அன்று அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"என்னதான் சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"எங்க வூட்டு மருமவ பஸ்ஸுல நின்னுக்கிட்டு வரமாட்டா, கார் கொண்டாங்க, கையோட அனுப்பி வெக்கிறோம்னு மாமியார்க்காரம்மா சொல்லுது."

"காரா? நம்மளா?"

"அதான் சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு அப்பா, "புள்ள தண்ணிச் சொம்ப இடது கையால குடுத்துச்சு" என்றார். "வலது கை எங்கன்னு கேட்டேன். முந்தானைக்குள்ள வச்சிருந்துச்சு. சோறு வடிக்கையில கஞ்சி கொட்டிடுச்சாம்."

நான் கஞ்சி கொட்டியது என்றே நம்பினேன். என் அக்கா எட்டு வயதிலிருந்து சோறு வடிக்கிறவள், ஒருநாளும் ஒரு சொட்டு சிந்தினதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன்.

ஆடிக்கு அழைக்காத மாமியாரைச் செருப்பால் அடிக்கச் சொல்லி எங்கள் பக்கம் ஒரு பழமொழி உண்டு. அதை யாரோ விளையாட்டாகச் சொன்னபோது, "அழைச்சும் அனுப்பாத சம்பந்திய என்ன பண்றதுன்னு ஒரு பழமொழியும் இல்லியே" என்று அம்மா சொன்னாள்.

சித்திரையில் அப்பா வண்டிமாடு ஜோடியை ஓட்டிக்கொண்டு போய் விற்றார். மறுநாள் திருச்சிக்குப் போனார். சாயங்காலம், ஊருக்கு வெளியே மோட்டார் செட் ஓடுகிற சத்தம் கேட்டது. மோட்டார் செட் ஒரே இடத்தில்தான் ஓடும். இந்தச் சத்தம் கிட்டே வந்தது. நாய்கள் எல்லாம் குரைத்துக்கொண்டு ஓடின, அப்புறம் குரைப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடிவந்தன. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கரும்புகைக்கு நடுவிலிருந்து வெண்ணெய் நிறத்தில் ஒரு கார் வந்து எங்கள் வீட்டு முன்னால் நின்றது. உள்ளே அப்பா. டிராக்டர் ஓட்டத் தெரியும் அவருக்கு. அந்தத் தைரியத்தில் ஓட்டி வந்துவிட்டார்.

நான் அதிர்ந்து போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் அதிர்ச்சி வேறு மாதிரி இருந்தது. காரை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு இன்னொரு முறை சுற்றி வந்தாள்.

"ஏங்க, இதுல ரெண்டு கதவக் காணோமே?"

கூட்டத்தில் சிரிப்பு. "மாடு ரெண்டு, கதவு ரெண்டு, கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றான் ஒருவன். "மிச்ச ரெண்டு கதவு பின்னால லாரியில வருதாண்ணே?" என்றான் இன்னொருவன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "பின்னாடி உக்காந்தவ எப்படிய்யா எறங்குவா?" என்று நியாயமாகக் கேட்டாள்.

"எறங்க வேண்டிய ஊரு வந்தா நாம எறக்கிவிடுவோம்" என்றார் அப்பா. அவர் அவ்வளவு பெரிய வாக்கியத்தைத் தெருவில் நின்று பேசியதே எல்லோருக்கும் ஆச்சரியம்.

அது எந்த நாட்டு வண்டியோ, யார் கொண்டுவந்ததோ தெரியாது. பழைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஏதோ ஒரு வேனின் டீசல் இன்ஜினை வைத்திருந்தார்கள். கிணற்று மோட்டாருக்கு வாங்கி வைத்த பீப்பாயிலிருந்தே அதற்கும் டீசல் ஊற்றினோம். அதனால் வண்டிக்கும் வயலுக்கும் அப்பாவின் வேட்டிக்கும் ஒரே வாசனை.

அந்த வண்டி கொடுத்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்தக் கருப்புக் குமிழைச் சொல்ல வேண்டும். டீசல் வண்டி, அதிலும் அந்தக் காலத்து வண்டி, சாவியைத் திருப்பினால் நிற்காது. சாவி கிளப்புவதற்கு மட்டும்தான். ஓட ஆரம்பித்துவிட்டால் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாலும் அது பாட்டுக்கு ஓடும். நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கீழே ஒரு குமிழ் இருக்கும், அதை வெளியே இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்ஜின் இரண்டு முறை குலுங்கும், ஒரு பெருமூச்சு விடும், அடங்கும். அந்தக் குமிழை இழுக்கிற வேலையை அப்பா எனக்குக் கொடுத்திருந்தார். வீட்டு வாசலில் வந்து நின்றதும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். நான் இரண்டு கையாலும் இழுப்பேன். அவ்வளவு பெரிய சத்தம் என் கையால் அடங்கும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்லக்கூட வாய் வராத பையனுக்கு அது எப்பேர்ப்பட்ட அதிகாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

வருத்தமும் நிறைய இருந்தது. காலையில் கிளம்பாது. சாவியைப் பாதி திருகி, இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டரில் வைத்துக் காத்திருந்து, பிறகு திருகினால் கிர் கிர் என்று முனகிவிட்டுப் படுத்துவிடும். தள்ள வேண்டும். கொல்லைக்குப் போகிறவன், பால் ஊற்றப் போகிறவன், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரன் என்று தெருவில் யார் வந்தாலும் ஒரு கை கொடுத்தார்கள். "வடபழனி தேரு கூட இவ்வளவு பேரு இழுக்க மாட்டாங்கடா" என்று மலைக்கோயில் முருகனைக் கும்பிட வந்த பட்டணத்து ஆள் ஒருவர் மூச்சு வாங்கினார்.

முன்பக்க இடது சீட்டை மடக்கினால்தான் பின்சீட்டுக்குப் போக முடியும். அந்தச் சீட்டின் கொக்கி உடைந்திருந்தது. யாராவது மேலே உட்கார்ந்தால்தான் நிமிர்ந்து நிற்கும், இல்லையென்றால் முன்னால் கவிழ்ந்துவிடும். பின்பக்கக் கண்ணாடிகள் திறக்காது. ஒருநாள் அந்தப் பெரியம்மாவைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். திரும்பும்போது கடைத்தெருவில் வண்டி நின்றது. முன்சீட்டில் பெரியம்மாவின் மருமகன் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். கனத்த உடம்பு. பெரியம்மாவுக்கு அவசரமாக இறங்க வேண்டியிருந்தது. அப்பா டீசல் கேனை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தார். நான் வெளியிலிருந்து கதவைத் திறந்து அவனை இழுத்துப் பார்த்தேன், உலுக்கிப் பார்த்தேன். முன்னால் இருக்கிறவன் மனசு வைக்காமல் பின்னால் இருக்கிறவரை யாராலும் வெளியே எடுக்க முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெரியம்மா கண்ணாடியைத் தட்டிக்கொண்டு அந்தக் காரையும், செய்தவனையும், வாங்கிய என் அப்பாவையும் மாறி மாறித் திட்டிய திட்டில் கடைத்தெருவே கூடிவிட்டது. அப்பா ஓடிவந்து மருமகனை எழுப்பி இறக்கினார். பெரியம்மாவிடம் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார். பிறகு கடைக்காரர் ஒருவரிடம் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே அந்தப் பின்சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி வாங்கியதற்கு வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஆடி பிறந்தது. காரணம் இல்லாமல் போய்ப் பெண்ணை அழைக்க முடியாது. அதற்கு ஒரு நாள் கிழமை வேண்டும். ஆடிதான் அந்த நாள். இந்த முறையும் அனுப்பவில்லையென்றால் என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். அப்பா வண்டியைப் பெரம்பலூரில் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோய் விட்டார். இரண்டு நாள் கழித்துப் போனபோது பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "ஹீட்டரு புதுசு, பேட்டரி புதுசு. இன்ஷா அல்லா, இனிமே ஊரைக் கூட்டித் தள்ள வேணாம்" என்றார்.

மறுநாள் காலையில் தள்ளுவதற்காகத் தெருவே தயாராக நின்றது. அப்பா சாவியைத் திருகினார். ஒரே திருகு. வண்டி பிடித்துக்கொண்டது. தள்ளக் குனிந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எங்கள் வண்டியா இது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா, "நீ வேணாம். பையன் மட்டும் வரட்டும்" என்றார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "பொண்ண அழைக்கப் பொம்பள இல்லாமயா போவாங்க?" என்றாள். "சீட்டுல உக்கார ஒரு ஆளு போதும்" என்றார் அப்பா. சீட்டு கவிழாமல் இருக்க ஒரு கனம் வேண்டும், அதற்கு நான் போதும் என்று புரிந்துகொண்டேன்.

பெரம்பலூர் தாண்டி அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. கடக்கிற லாரியெல்லாம் எங்கள் மேல் வெள்ளைத் தூளைத் தூவிவிட்டுப் போயின. அப்பா வழியெல்லாம் ஒரே ஒரு விஷயம்தான் பேசினார்.

"நான் ஏறுன்னு சொன்னா ஒடனே ஏறி உக்காந்துக்கணும். உக்காந்தா யாரு சொன்னாலும் எறங்கக் கூடாது. நான் சொன்னாத்தான் எறங்கணும். சரியா?"

"சரிப்பா" என்றேன். கொக்கி உடைந்த சீட்டுக்கு இவ்வளவு கட்டளையா என்று இருந்தது.

அக்கா வீடு ஒரு முட்டுச்சந்தின் கோடியில் இருந்தது. அப்பா சந்துக்குள் நேராகப் போகவில்லை. முக்கில் நிறுத்தித் திருப்பி, ரிவர்ஸிலேயே கொண்டுபோய், மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி அவர்கள் வாசலில் நிறுத்தினார். சம்பந்தி வீட்டில் தன் ஓட்டுத் திறமையைக் காட்டுகிறார் என்று எனக்குப் பெருமை. வழக்கம்போல் குமிழில் கை வைத்தேன்.

"வேணாம். ஓடட்டும்" என்றார்.

சத்தம் கேட்டு அக்காவின் மாமியார் வெளியே வந்தாள். பின்னாலேயே மச்சான், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு. அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அப்பா தேங்காய், பழம், வெல்லம், சேலை வைத்த தட்டுகளை எடுத்து வாசலில் வைத்துக் கும்பிட்டார்.

"வாங்கண்ணே, உள்ள வாங்க. ஒரு வாய்க் காப்பி குடிங்க" என்றாள் அந்த அம்மாள்.

"இருக்கட்டும்மா. வண்டி ஓடிக்கிட்டு இருக்குது. ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆவாது, ஊரே சேந்து தள்ளணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா பொய் சொல்கிறார். காலையில் ஒரே திருகில் கிளம்பியதே, நான்தானே பக்கத்தில் இருந்தேன்? மறந்துவிட்டாரோ என்று நினைத்து, "அப்பா, காலையில" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு முகங்களைப் பார்த்ததும் மீதி வார்த்தை தொண்டையில் நின்றுகொண்டது. தலையைக் குனிந்துகொண்டேன். என் கூச்சம் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒருவருக்கு உபயோகமாக இருந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

"தள்ளுற வண்டியா?" என்று மச்சான் சிரித்தார். "மாமா, மாட்டக் குடுத்துட்டு இதை வாங்குனீங்களாம்? மாடாச்சும் தானா எந்திரிச்சு நிக்கும்."

மாமியார் காரைச் சுற்றி வந்தாள். என் அம்மா மாதிரியே இரண்டாவது முறையும் சுற்றி வந்தாள். "என்னண்ணே இது, ரெண்டு கதவுதான் இருக்குது? நாங்க காரு கேட்டா நீங்க டப்பாவக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க. நாலு கதவோட ஒண்ணு கொண்டாங்க. வர்ற ஆடிக்கு அனுப்பி வெக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், கல்யாணப் பந்தலில் சிரித்த அதே சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. மாடும் போய், அக்காவும் வராமல், மூன்றாவது முறையும் தனியாகத்தான் திரும்பப் போகிறோம்.

"சரிங்கம்மா. அடுத்த வருசம் பாப்போம்" என்றார் அப்பா. "புள்ளய ஒருதரம் இதுல உக்காந்து பாக்கச் சொல்லுங்க. உக்காந்து பாத்தாளான்னு அவ அம்மா கேப்பா."

மாமியார் மச்சானைப் பார்த்தாள். மச்சான் தோளைக் குலுக்கினார். வேடிக்கை இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று நினைத்திருப்பார்கள். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.

அக்கா வந்தாள். நான் அவளை உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கன்னம் இல்லை, வளையல் இல்லை. காலில் செருப்பில்லை. வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. அப்பா முன்சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏறிப் பாரும்மா. பின்னால தாராளமா இருக்குது."

அக்கா குனிந்து உள்ளே போனாள். அப்பா சீட்டை நிமிர்த்தினார். என்னைப் பார்த்து, "ஏறு" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினார். காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். ஓடவில்லை. வெங்காயப் பாத்தியில் நடப்பதுபோல மெதுவாக, மிதித்து மிதித்து நடந்தார்.

மச்சானுக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "தம்பி, எறங்கு. அக்கா எறங்கணும்."

நான் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

"எறங்குடான்னா!"

தோளைப் பிடித்து இழுத்தார். வலித்தது. ஆனால் அப்பா இறங்கச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குள் அப்பா தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் என்னை விட்டுவிட்டு முன்பக்கமாகச் சுற்றி ஓடினார். அப்பாவின் ஜன்னலுக்குள் கையை விட்டார். சாவியைத் திருப்பினார், உருவினார். உருவிய சாவியைத் தலைக்கு மேல் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"ஆஃப் பண்ணா ஸ்டார்ட் ஆவாதுன்னீங்கள்ல? போங்க மாமா, இப்பப் போங்க பாப்போம்!"

சிரிப்பு எழும்பியது. எழும்பி, பாதியில் நின்றது. இன்ஜின் நிற்கவில்லை. டக டக டக டக என்று, எங்கள் கிணற்றடி மோட்டார் மாதிரி, சாவி கையில் இருக்கிறதா பையில் இருக்கிறதா என்ற கவலையே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பானெட்டைப் பார்த்தார். மறுபடியும் சாவியைப் பார்த்தார். ஒரு மனிதர் அவ்வளவு அதிர்ந்து போய் நான் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. ஏதோ பேய் பிடித்த வண்டி என்று நினைத்தாளோ என்னவோ, அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போனாள்.

அப்பா எட்டி என் கதவை இழுத்துச் சாத்தினார். கியரைப் போட்டார்.

"நீங்களே வச்சுக்குங்க மாப்ள" என்றார்.

நகர்ந்துவிட்டோம். புகைக்குப் பின்னால் கத்தல் கேட்டது, ஏதோ ஒன்று டங்கென்று வண்டியில் பட்டது, சீர்த் தட்டாக இருக்கலாம். சம்பந்தி வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், சொல்லிக்கொள்ளாமல், அக்காவின் பெட்டி இல்லாமல், செருப்பு இல்லாமல், திருடர்கள் மாதிரி ஓடிவருகிறோம். யாரையும் எதிர்த்துப் பேசாத என் அப்பாவா இது? அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அரியலூரில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அப்பா முன்னால் பார்க்கவே இல்லை, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணினேன். எனக்குப் பசித்தது. கேட்டருகில் பலகாரம் விற்றார்கள். "வண்டிய அமத்துப்பா, போண்டா வாங்கலாம்" என்றேன். "சாவி இல்லடா. நிறுத்துனா அவ்வளவுதான்" என்றார். காலையில் சொன்ன பொய் மத்தியானத்தில் உண்மையாகிவிட்டது.

கேட் திறந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அக்கா பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முந்தானை விலகி வலது கை வெளியே தெரிந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே, தோளுக்குக் கீழே, வட்ட வட்டமாகச் சில தழும்புகள். கஞ்சி வட்டமாகவா கொட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்பாவிடம் கேட்கலாமா என்று பார்த்தேன். அவர் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பிறகு அங்கே போகவில்லை. பஞ்சாயத்து வந்தது, பேச்சு வந்தது. எத்தனையோ பேர் வந்து அப்பாவிடம் என்னென்னவோ கேட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு, "வண்டியில எடம் இருந்துச்சு, கூட்டியாந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். சாவி திரும்பி வரவில்லை. அப்பாவும் புதுச் சாவி செய்யவில்லை. இருந்த வரைக்கும் இரண்டு ஒயரைத் தொட்டுத்தான் அந்த வண்டியைக் கிளப்பினோம். துரு தின்று தரை ஓட்டையானதும் உடம்பை எடைக்குப் போட்டுவிட்டு இன்ஜினை மட்டும் கிணற்றுக்கு வைத்துக்கொண்டார். அதை எடைக்குப் போட்டதற்காக அவர் சாகும்வரை வருத்தப்பட்டார். மற்றபடி எதற்கும் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. பின்கதவு இல்லாத வண்டியைத் தேடித்தான் வாங்கினாரா, விலைக்குக் கிடைத்ததே அதுதானா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்.

அன்று நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். காலையில் கட்டிய பட்டுச்சேலையை அவிழ்க்கவே இல்லை. ஓடிவந்தவள் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கும், இரைச்சலுக்கும், புகைக்கும் நடுவில் அக்கா அசையாமல் தூங்கினாள். ஊரையே எழுப்புகிற அந்தச் சத்தத்தில் ஒருத்தியால் எப்படித் தூங்க முடிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணே, வண்டிய அமத்துங்க. டீசல் வீணாப் போவுது" என்று யாரோ சொன்னார்கள்.

"சாவி அங்க மாட்டிக்கிச்சு" என்றார் அப்பா.

வண்டியை நிறுத்தச் சாவியே வேண்டாம் என்பது அந்தத் தெருவில் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். பாவம், இவ்வளவு பதற்றத்தில் அப்பா குமிழை மறந்தேவிட்டார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டுவதற்குக் காத்திராமல் நானே குனிந்து அதை இரண்டு கையாலும் பிடித்தேன்.

அப்பா என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். இழுக்கவும் விடவில்லை, கையை எடுக்கவும் விடவில்லை. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தபடி, பீப்பாயில் மிச்சமிருக்கிற டீசலைப் பற்றிய நினைப்பே இல்லாமல், வண்டியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் நின்றால் அக்கா விழித்துக்கொள்வாள் என்பது புரியாமல், என் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாரே என்று நான் அழ ஆரம்பித்தேன்.